கள்ள மூச்சு

“கிறிஸ்ரி அண்ணை, சிசிலியா அக்காவை எனக்குப் பின்னாலை நிப்பாட்டாதேங்கோ. அவவுக்கு மூச்செடுக்கத் தெரியாது.”

றஜிதா இதைச் சொன்னபோது மாதா கோயில் திருவிழாவுக்கு எட்டு நாள் இருந்தது. பாடகர் குழுவைப் பழக்குகிற கிறிஸ்ரி, ஓகன் கட்டைகளில் இருந்து கையை எடுத்தார்.

“அவ இருபத்தஞ்சு வரியமாய்ப் பாடுறா, பிள்ளை.”

“இருபத்தஞ்சு வரியமாய்ப் பிழையாய்ப் பாடினா அது சரியாகிடுமோ?”

கொன்வென்ரில் படித்தவர்களுக்கு இப்படிப் பதில்கள் தாமாகவே வரும்.

அதிலும் றஜிதா சும்மா படித்தவள் அல்ல. எரிகிற மெழுகுதிரிக்கு முன்னால் நின்று, சுடர் ஆடாமல் பாடிக் காட்டி, சிஸ்ரரிடம் பரிசு வாங்கியவள். பாடுகிறவர் மூச்சை நெஞ்சில் வைக்கக் கூடாது, அடிவயிற்றுக்கு இறக்க வேண்டும் என்று மீன் வாங்கப் போன இடத்திலும் விளக்கம் கொடுத்தவள்.

விசயம் இதுதான். திருவிழாப் பாட்டில் ‘தாயே’ என்று ஓர் இழுப்பு. பதினாறு எண்ணும் வரைக்கும் முறியக் கூடாது. அந்த உச்சக் குரலுக்கு இரண்டே பேர். முன்னால் றஜிதா, அவளுக்கு நேர் பின்னால் சிசிலியா.

கிறிஸ்ரி அதைப் போனில் பதிந்து எல்லோருக்கும் அனுப்பியிருந்தார். றஜிதா ஏழு தரம் கேட்டாள். தன்னுடைய குரல் அறுபடாமல் அழகாகப் போனது. ஆனால் சரியாக ஆறாவது எண்ணத்தில், பின்னாலிருந்து ஒரு ‘ஹ்ஹா’. சைக்கிளுக்குக் காற்றடிக்கிற மாதிரி.

“மாதாவை நடுவாலை முறிக்கிறா, அண்ணை!”

அப்படியானால் றஜிதா மூச்சே எடுக்கவில்லையா?

எடுத்தாள். பத்தாவது எண்ணத்தில். ஆனால் அது கள்ள மூச்சு. தோள் உயராமல், வாய் மூடாமல், ஒரு சொட்டு எடுத்துவிட்டுத் தொடர்வது. அதுவும் கொன்வென்ரில் படித்த வித்தைதான். ஒருவருக்கும் தெரியாது. பதிவிலேயே தெரியவில்லையே!

முந்தி அவளுக்கு இந்தக் களவு தேவைப்பட்டதில்லை. மகனுக்கு இப்போது ஐந்து மாதம். ஒப்பரேசன் செய்துதான் பிறந்தான். அன்றிலிருந்து, மூச்சை அடிவயிற்றுக்கு இறக்கினால் தையல் பிரிந்துவிடும் என்று ஒரு பயம். “காயம் எப்பவோ ஆறீற்றுது, தங்கச்சி” என்று கிளினிக்கில் இரண்டு தரம் சொல்லியாகிவிட்டது. பயத்துக்குக் காது கேட்கவில்லை. படுக்கப் போனால் மகனின் மூக்கடியில் விரலை வைத்து அவன் மூச்சைப் பார்ப்பாள். பிறகு தன்னுடைய தையலைத் தடவிப் பார்ப்பாள். ஊருக்கெல்லாம் மூச்சுப் படிப்பித்தவள், வீட்டில் இரண்டு மூச்சுக்குக் காவல்காரி.

இது வெளியில் தெரிந்தால் உச்சக் குரல் வேறொருத்திக்குப் போய்விடும். அதனால்தான் வாயைத் திறக்கவில்லை. அதாவது, தன்னைப் பற்றித் திறக்கவில்லை.

கிறிஸ்ரி பெருமூச்சு விட்டார். அடுத்த பழக்கத்தில் சிசிலியாவைக் கீழ்க்குரல்காரரோடு கடைசி வரிசையில் நிற்கச் சொன்னார். சிசிலியா பாட்டுக் கொப்பியை எடுத்துக்கொண்டு போய் நின்றார்.

அன்று றஜிதா தனியாகப் பாடினாள். பாடி முடிய அவளுக்கே மெய்சிலிர்த்தது. கள்ள மூச்சும் கச்சிதம்.

வீட்டுக்கு வந்து சேர முதலே பதிவு போனுக்கு வந்துவிட்டது. புருசன் ஜெரோசன் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தான்.

“கேளுங்கோ, இப்ப எவ்வளவு சுத்தமாய் இருக்கு எண்டு.”

அவன் கேட்டான். “நெற் சரியில்லைப் போலை. இடையிலை நிண்டு நிண்டு வருது.”

“உங்களுக்குப் பாட்டு விளங்காது. கொண்டாங்கோ போனை.”

விரல் விட்டு எண்ணினாள். ஆறில் ‘ஹ்ஹா’ இல்லை. சுத்தம். ஏழு, எட்டு, ஒன்பது...

பத்தில் பாட்டே இல்லை. லொறி ஒன்றைத் திருப்புகிற அளவுக்கு இடம் கிடந்தது.

இன்னும் மூன்று தரம் போட்டாள். மூன்று தரமும் நெற் நன்றாகத்தான் வேலை செய்தது.

பிறகு பழைய பதிவைத் தேடி எடுத்து, பத்தாவது எண்ணத்தில் காதை வைத்தாள். அங்கே அறுபடாமல் போன குரல் அவளுடையது அல்ல.

அடுத்த நாள் பின்னேரம் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு சிசிலியா வீட்டுப் படலையைத் திறந்தாள். சிசிலியா முற்றத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார்.

“அக்கா, நீங்கள் ஏன் ஆறிலை மூச்செடுக்கிறனீங்கள்?”

“நீ பத்திலை எடுப்பாய் எண்டுதான். ரெண்டு பேரும் ஒண்டாய் எடுத்தா மாதா அந்தரத்திலை எல்லே நிப்பா?”

“நான் எடுக்கிறது ஒருத்தருக்கும் தெரியாதே!”

“முன்னாலை நிக்கிற ஆக்களுக்குத் தெரியாது. நான் பின்னாலை நிண்டனான். பத்து வர, கொப்பி மறைவிலை உன்ரை கை போய் வயித்தைப் பிடிக்கும்.”

றஜிதா குனிந்து பார்த்தாள். ஒரு கை பிள்ளையில் இருந்தது. மற்றது இப்போதும் வயிற்றில்தான்.

“நான் உங்களைப் பற்றிச் சொன்னதும் உங்களுக்குத் தெரியும். அண்டைக்கே கிறிஸ்ரி அண்ணையிட்டை இதைச் சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா உன்ரை கதையெல்லே வெளியாலை வரும்.”

சிசிலியா கையைக் கழுவிச் சட்டையில் துடைத்துவிட்டுப் பிள்ளையை வாங்கினார்.

“அந்த இழுப்பு முந்தி நான்தான் தனியப் பாடினனான், பிள்ளை. என்ரை மூத்தவனை வயித்தைக் கீறி எடுத்த வரியம், எனக்கும் பத்திலைதான் முறிஞ்சது. அண்டைக்கு எனக்குப் பின்னாலை ஒருத்தரும் நிக்கேல்லை.”