வெள்ளிக்கிழமை வந்த கேபிள்

கட்டைவிரல் தடிமனில் ஒரு கறுப்பு கேபிள், பேட்டரியிலிருந்து புறப்பட்டுத் தகரத் துளை வழியாகப் பிக்கப் வண்டியின் கேபினுக்குள் தலையை நீட்டியது. உள்ளே, சீட்டுக்கடியில் குடும்பத்தோடு குடியிருந்த எலி பல்லைத் தீட்டிக்கொண்டிருந்தது. போன மாதம் ரேடியோ ஒயரைத் தின்று தீர்த்த பல் அது. கேபிளுக்குக் குலை நடுங்கியது.

திரும்பிப் பார்த்த எலியோ தடாலென்று காலில் விழுந்தது. "பாம்பண்ணே, நான் புள்ளகுட்டிக்காரன். விட்டுருங்க."

கேபிளுக்கு மூச்சு வந்தது. "பயப்படாதே தம்பி. இன்னைக்கு வெள்ளிக்கிழமை. நான் கவிச்சி தொடமாட்டேன்."

"நாளைக்குண்ணே?"

"நாளைக்குச் சனிக்கிழமைதானே," என்று இழுத்தது கேபிள்.

எலி குடும்பம் மூட்டை கட்டி இறங்கியது. கேபிள் அப்பாடா என்று சீட்டுக்கடியில் நீட்டிப் படுத்தது.

வெளியே எலி பெண்டாட்டியிடம் சொல்லிக்கொண்டே ஓடியது: "நம்ம நல்ல நேரம், பக்தியுள்ள பாம்பாப் போச்சு."