இரண்டு அழுத்தம்

கல்லூரிக் கபடி அணியில் மூன்று வருடமாக முத்தரசியும் பிரிசில்லாவும் மூலையில் கைகோத்து நிற்பவர்கள். பிரிசில்லா கையை ஒருமுறை அழுத்தினால் முத்தரசி பொறுத்திருக்க வேண்டும். இருமுறை அழுத்தினால் கையை விட்டுவிட்டுக் காலில் பாய வேண்டும்.

படிப்பு முடிகிற வருடத்தின் கடைசி ஆட்டம் அது. ஒரு புள்ளி பின்தங்கியிருந்தார்கள். எதிரணியிலிருந்து கடைசியாகப் பாடி வந்தவளின் குதிகால் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் நின்றது. ஓர் அழுத்தம் வந்தது. முத்தரசி பொறுத்தாள். அடுத்தது வரவேயில்லை. வந்தவள் சாவகாசமாகத் திரும்பிப் போய்க் கோட்டைத் தாண்டினாள். விசில் ஒலித்தது. தோற்றுவிட்டார்கள்.

"ஏன்டி அழுத்தல?" என்று கத்தினாள் முத்தரசி.

"அழுத்துனா நீ கைய விட்டுருவியே," என்றாள் பிரிசில்லா.

முத்தரசி குனிந்து பார்த்தாள். கைகள் இன்னும் கோத்தபடியே இருந்தன.

அவள் ஒரேயொரு முறை அழுத்தினாள்.