வளைவு வரைக்கும்

சார்ஜ் குறையுமென்று அந்தி சாய்ந்த பிறகும் மின்சாரக் காரின் முன்விளக்கைப் போடமாட்டான் அந்த மருந்து விற்பனைப் பிரதிநிதி. "விளக்கு என்னத்தப் பெருசா தின்னுடப் போகுது? கஞ்சத்தனத்துக்கும் ஒரு அளவு வேணாமா?" என்பாள் மனைவி.

அப்படியொரு அந்தியில், ஆலை வளைவில் குடையோடு நடந்த பெரியவர்மீது மோதிவிட்டு நிற்காமல் வந்துவிட்டான். அவர் அங்கேயே போய்ச் சேர்ந்தார்.

அதன்பின் விளக்கைப் போட்டாலே, இன்னும் எவ்வளவு தூரம் ஓடும் என்று காட்டும் எண் இறங்கிவிடும். எங்கிருந்து போட்டாலும் அந்த வளைவு வரைக்கும்தான் காட்டும். கூனிக்குறுகி அணைத்துவிடுவான்.

இன்று மனைவி வாசலில் தோட்டைத் தொலைத்துவிட்டுத் தேடினாள். "ஏங்க, கொஞ்சம் லைட்டப் போடுங்க."

போட்டான். எண் பூஜ்யத்தில் நின்றது.

"குடையோட ஒரு பெரியவர் வந்திருக்காரு," என்றாள் மனைவி. "லைட்ட அணைச்சிடணுமாம். பாவம், உங்களுக்கு சார்ஜ் வீணாகுதேங்கறாரு."