சாம்பல் நிறக் குட்டி

எழுபத்து நான்காம் வருஷம் எருத்தேன்பதியில் குப்பண்ணன் வளர்த்த ராஜபாளையம் நாய் ஐந்து குட்டிகள் போட்டது. நான்கு பால் வெள்ளை. ஒன்று மட்டும் சாம்பல் நிறம்.

"தெருநாய உள்ள உட்டுட்டியா?" என்று மனைவி பழனாத்தாளைக் கேட்டார்.

"பருவத்துல பத்து நாளும் சாளைக்குள்ளதானுங்க பூட்டி வெச்சிருந்தேன்."

அவர் நம்பவில்லை. கலப்பு என்று பேச்சு எழுந்தால் வெள்ளைக் குட்டிகளையும் யாரும் வாங்கமாட்டார்கள். குட்டிகள் கண் திறந்து, தவழ்ந்து, ஓடத் தொடங்கியதும், சாம்பல் குட்டியைக் கூடையில் வைத்து பஸ் ஏறினார். மறையூரில் வெல்லம் காய்ச்சும் பங்காளியிடம் அதை விட்டுவிட்டு மறுநாள் மத்தியானம் திரும்பினார்.

தாயிடம் நான்கு குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருந்தன. மூன்று வெள்ளை. ஒன்று சாம்பல்.

"வெள்ளக்குட்டிய ஆருக்குக் குடுத்தே? இத எங்கிருந்து கொண்டாந்தே?"

"நான் ஊட்ட உட்டு நகருலீங்க. காலைல பாக்கறப்ப நாலும் வெள்ளைதானுங்க."

குப்பண்ணன் சாக்கை விரித்துக் குட்டிகளுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார். அவளையும் குட்டிகளின் அருகே விடவில்லை. ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பழனாத்தாள் காபி கொண்டுவந்து நீட்டினாள். டம்ளரை வாங்கத் திரும்பியவர் மறுபடி பார்த்தார்.

இரண்டு வெள்ளை. இரண்டு சாம்பல்.

இந்தத் தடவை அவர் சற்று நகர்ந்து சாக்கில் இடம் விட்டார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதன்பிறகு இருவரும் ஒருவர் மாற்றி ஒருவராகத்தான் கண் இமைத்தார்கள்.