நோவுகிற இடத்துக்கு மட்டும்

ஆகஸ்ட் 12, செவ்வாய், போடி.

இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். ஆலிவ் ஆயில் வாங்கி வர மறந்துவிட்டு, ஜெப அலமாரியில் இருந்த குப்பியை அம்மாவிடம் கேட்காமல் எடுத்துவிட்டேன்.

நாளை மாலை தேனியில் பியூட்டிஷியன் வகுப்பின் செய்முறைத் தேர்வு. தலைக்கு எண்ணெய் மசாஜ். தேறினால், வகுப்பு எடுக்கும் ஓவியா மிஸ் தன் பார்லரிலேயே வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

போன முறை தேறவில்லை. என் கை பயந்து பயந்து தொடுகிறதாம். தொடுகிறவளின் பயம் உட்கார்ந்திருப்பவளுக்குத் தெரிந்துவிடும் என்றார் மிஸ்.

இந்த முறை மாடலாக வர அம்மா ஒத்துக்கொண்டாள். அவள் தலையில்தான் இன்று ஒத்திகை.

அந்தக் குப்பி எங்கள் பாஸ்டர் ஜெபித்துக் கொடுத்தது. சபையில் அதை ஒலிவ எண்ணெய் என்போம். மாலை வகுப்பில் அதுவே ஆலிவ் ஆயில். இரண்டும் ஒன்று என்பது வகுப்பில் முதல் நாள் மூடியைத் திறந்து முகர்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. மற்றவர்கள் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் காய்ச்சல் அடிப்பதுபோல் இருந்தது.

சின்ன வயதில், உடம்புக்கு முடியாத நாளில்தான் அந்தக் குப்பி அலமாரியை விட்டு இறங்கும்.

"எங்கன நோவுது, காட்டுத்தா. அங்கன மட்டும் வைக்கிறேன்" என்பாள் அம்மா.

காய்ச்சல் என்றால் நெற்றி. காது வலி என்றால் காதுக்குப் பின்னால். சைக்கிளில் இருந்து விழுந்த அன்று முழங்கால். ஒரு சொட்டு வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைப்பாள். முடிந்ததும் விரலில் மிஞ்சியதை என் உச்சி முடியில் துடைப்பாள்.

நோவே இல்லாத நாளில் நான் வயிற்றைக் காட்டினாலும் வைப்பாள். சிரித்துக்கொண்டே வைப்பாள்.

மற்ற நாள்களில் எங்கள் தலைக்கும் தோலுக்கும் தேங்காய் எண்ணெய்தான்.

இன்று சாயங்காலம் பின்கட்டில் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு அம்மாவை உட்கார வைத்தேன். பக்கத்துக் குடோனில் இருந்து ஏலக்காய் வாசனை வந்துகொண்டிருந்தது. எண்ணெயை நேரே அடுப்பில் காட்டக் கூடாது. சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்து வெதுவெதுப்பாக்க வேண்டும். அப்படித்தான் செய்தேன். வரிசை சரிதானா என்று இரண்டு தரம் யோசித்தேன்.

குப்பியைப் பார்த்ததும் அம்மா திரும்பினாள்.

"அடியாத்தி! நோயாளிக்குன்னு பாஸ்டர் ஜெபிச்சுக் குடுத்தாக. நீ அதை வச்சுப் பார்லர் நடத்துறியாக்கும்?"

கிறிஸ்துமஸுக்குக் கழுத்து வரை இருந்த எண்ணெய் இப்போது அடியில் கொஞ்சம்தான் கிடந்தது. அம்மாவும் ரகசியமாக அழகு பார்த்துக்கொள்கிறாள் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"யாருக்கும் தெரியாம மூஞ்சிக்குப் பூசுறியாம்மா?" என்றேன்.

"ஆமா. நாளைக்கு என்னையப் பொண்ணு பாக்க வாராகல்ல!"

இருவரும் சிரித்தோம். பயம் கொஞ்சம் விட்டது.

முடியை நான்காக வகிர்ந்து கிளிப் போட்டேன். நகம் படாமல் விரல் நுனியால் உச்சியில் இருந்து காது வரை சின்னச் சின்ன வட்டங்கள். வறண்ட நுனிமுடிக்குத் தனியாகக் கொஞ்சம். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அவள் முகம் இவ்வளவு மெலிந்திருந்ததா என்று நினைத்தேன். முடியைத் தூக்கிக் கட்டியதால் அப்படித் தெரிகிறது என்றும் நினைத்தேன்.

பிறகு முழங்கை. நான் சொல்லச் சொல்ல வலது கையை நீட்டினாள். அந்த முழங்கை சொரசொரவென்று வறண்டு கிடந்தது. எண்ணெய் பட்ட தோலாக இல்லை. முகத்திலும் எண்ணெய் பட்ட அடையாளம் இல்லை.

அப்படியானால் குப்பி எப்படிக் காலியானது? இந்த வருஷம் எங்கள் வீட்டில் யாரும் படுக்கவில்லை. அப்பாவுக்கு ஒரு சளிகூடப் பிடிக்கவில்லை.

கடைசியாகப் பிடரியில் இருந்து தோளுக்கு இறங்க வேண்டும். வலது தோளை முடித்தேன். இடது தோளைத் தாண்டிக் கை கொஞ்சம் கீழே போனதும், அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அங்கன வேண்டாம்."

அதற்காக அவள் இடது கையைத் தூக்கிய அந்த நேரத்தில்தான் பார்த்தேன். இடது அக்குளுக்குக் கீழே, மார்போரமாக, ஜாக்கெட்டில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை. புதுக் கறை இல்லை. துவைத்துத் துவைத்தும் போகாத, ஒன்றின் மேல் ஒன்றாக ஊறிய கறை.

ஏலக்காய் வாசனைக்குள்ளும் அது என்ன எண்ணெய் என்று எனக்குத் தெரிந்தது.

கேட்டால் சிரிப்பாள். சிரித்துவிட்டு, கூப்பிடுகிற இடத்துக்கு வர மாட்டாள்.

கையை நான் எடுத்துவிடவில்லை. மறுபடியும் உச்சிக்குப் போய், வட்டங்களை முதலில் இருந்து தொடங்கினேன். என் கை பயப்படவில்லை. பயந்திருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

முடித்ததும் விரலில் மிஞ்சியதை அவள் உச்சி முடியிலேயே துடைத்தேன்.

"பாஸாயிருவத்தா" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

நாளை: முதல் பஸ்ஸில் அம்மாவைத் தேனிக்குக் கூட்டிப் போக வேண்டும். தேர்வைக் காலைக்கு மாற்றிவிட்டார்கள் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். அவளுடைய ஆதார் கார்டை இப்போதே என் பையில் எடுத்து வைக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடும்போது கேட்பார்கள்.