பொறியில் ஒரு தம்புரா

திருடு போன வீணையும் தம்புராவும் கிடைத்துவிட்டன. இசைப்பள்ளி நடத்தும் பெரிய டீச்சருக்கு நிம்மதிதான் கிடைக்கவில்லை.

தெருக்கோடியில் வெகுநாளாகக் கேட்பாரற்றுக் கிடந்த மாவு மில்லை இடிக்க வந்த ஆட்கள்தான் முதலில் பார்த்தார்கள். பச்சைக் குழந்தையைச் சுற்றுவதுபோல் கம்பளியில் சுற்றி, ஈரம் படாத மூலையாகப் பார்த்து இரண்டையும் யாரோ சாத்தி வைத்திருந்தார்கள். இன்ஸ்பெக்டருடன் போன டீச்சர் தம்புராவின் தந்திகளை மீட்டிப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன டீச்சர், உடைஞ்சிருக்கா?"

"இல்லை சார். சுருதி சுத்தமா இருக்கு. தொடாம கிடந்தா தந்தி தானா இறங்கிடும். யாரோ நேத்து வரைக்கும் சுருதி சேர்த்து மீட்டியிருக்காங்க."

இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவிக்கொண்டார். பள்ளியின் பூட்டை யாரும் உடைக்கவில்லை. சாவி போட்டுத் திறந்து, சாவி போட்டே பூட்டிவிட்டுப் போயிருக்கிறான் திருடன். டீச்சர் வீட்டை விட்டால் சாவி இருப்பது மூன்று பேரிடம்: கிளார்க், வாட்ச்மேன், கூட்டிப் பெருக்கும் அக்கா. மூவருக்கும் சங்கீதத்தில் ஆனா ஆவன்னா தெரியாது. பாடத் தெரிந்த யாரிடமாவது சாவியைக் கொடுத்தால், சாதகம் செய்கிறேன் என்று நாள் பூராவும் ஃபேனைச் சுற்றவிட்டுக் கரண்ட் பில்லை ஏற்றிவிடுவார்கள் என்பது டீச்சரின் பயம்.

"அப்போ இவங்கள்ல ஒருத்தர் தெரியாத மாதிரி நடிக்கிறாங்க. இன்னைக்கே கண்டுபிடிக்கலைன்னா, மூணு பேரையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போய்த்தான் விசாரிக்கணும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

மூவரும் பள்ளி தொடங்கிய நாள் முதல் கூடவே இருப்பவர்கள். ஒருவர் செய்த காரியத்துக்கு மற்ற இருவரும் ஸ்டேஷன் படி ஏறுவதா? யோசித்து, டீச்சரே ஒரு வழி சொன்னார்.

"தம்புராவுல பஞ்சமத் தந்தியை லேசா இறக்கி வச்சு, இவங்க எதிர்ல விடாம மீட்டணும் சார். ஞானம் இல்லாதவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. இருக்கிறவங்களுக்குச் சோத்துல கல்லு கடிபட்ட மாதிரி இருக்கும். சும்மா உட்காரவே முடியாது."

"யார் மீட்டுறது, நீங்களா?"

"ஐயோ, என்னால ஒரு நிமிஷம் தாங்காது. எங்க வீட்டுக்காரர் இருக்காரே! அவருக்குக் காது மூக்குக்கண்ணாடி மாட்டத்தான்."

டீச்சர் ஊருக்கெல்லாம் சொல்லும் பழைய ஜோக் இது. கல்யாணமான புதிதில் வீட்டுக்காரர் ஆசையாக ஏதோ பாட்டை முணுமுணுக்கப் போக, "உங்களுக்குச் சரியான கல் காது" என்று மாமனார் மாமியார் எதிரிலேயே சிரித்துவிட்டார் டீச்சர். அதற்குப் பிறகு அந்த மனிதர் பாட்டு என்று வாயைத் திறந்ததே இல்லை.

வீட்டுக்காரர் கடுகடுவென்று வந்தார். டாக்டர் சொன்னார் என்று சாயங்காலமானால் நடக்கக் கிளம்பிவிடுகிறவர். மாதக்கணக்கில் நடந்தும் தொப்பை மட்டும் இம்மியும் இறங்கியபாடில்லை.

"இன்னைக்கு வாக்கிங் போச்சு. நான் என்ன பண்ணணும்?"

"இந்த நாலு தந்தியையும் வரிசையா மீட்டிக்கிட்டே இருங்க, போதும். நேரா பிடிங்க, அது விளக்குமாறு இல்லை."

டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு, மேலே இருந்த முறுக்காணியான பிருடையைத் திருகி, பஞ்சமத் தந்தியை இறக்கினார். வாக்குமூலம் வாங்கும் சாக்கில் மூவரையும் இசைப்பள்ளி பெஞ்சில் உட்கார வைத்தார் இன்ஸ்பெக்டர். தம்புரா அபஸ்வரமாக ரீங்கரிக்கத் தொடங்கியது.

பெருக்கும் அக்கா கொட்டாவி விட்டாள். வாட்ச்மேன் காதைக் குடைந்தான். கிளார்க்குக்கு மட்டும் வேர்த்துக் கொட்டியது. நெளிந்தார், தம்புராவைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் எழுந்தே விட்டார்.

"சார்..."

"சொல்லுய்யா!" இன்ஸ்பெக்டர் துள்ளி எழுந்தார்.

"வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் வர்ற நேரம் சார். கொஞ்சம் சீக்கிரம் விட்டீங்கன்னா..."

இன்ஸ்பெக்டர் தொப்பென்று உட்கார்ந்தார்.

உண்மையில் நரக வேதனைப்பட்டவர் டீச்சர்தான். மூவரின் முகத்திலிருந்தும் கண்ணை எடுக்காமல், புடவைத் தலைப்பைக் கடித்தபடி நின்றார். அந்தப் பாழாய்ப்போன பஞ்சமம் மண்டைக்குள் துளை போட்டது. அப்புறம் மெல்ல மெல்ல வேதனை குறைந்தது. தோள்கள் தளர்ந்தன. கண்ணை மூடி, தலையைக்கூட லேசாக ஆட்ட ஆரம்பித்துவிட்டார்.

"என்ன டீச்சர், ஒருத்தரும் அசையக் காணோமே!" இன்ஸ்பெக்டர் கிசுகிசுத்தார்.

டீச்சர் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். தம்புரா அப்பழுக்கில்லாமல் சுருதி சேர்ந்து ஒலித்துக்கொண்டிருந்தது. மெதுவாகத் திரும்பிப் பார்த்தார்.

"அவங்க மூணு பேரையும் வீட்டுக்கு அனுப்பிடுங்க சார்" என்றார்.

ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்தபடி மீட்டிக்கொண்டிருந்த வீட்டுக்காரரின் இடது கை, தன்னையறியாமல் மேலே போய்ப் பிருடையைத் திருகி, பஞ்சமத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்து முடித்துவிட்டு, அப்போதுதான் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.