இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

"இழப்பீடு கேட்டு வந்தவங்க எல்லாம் அடுத்த கட்டடம்" என்றார் வாசலில் இருந்த காவலாளி. அவள் கையிலிருந்த கணவனின் புகைப்படத்தைப் பார்த்ததுமே முடிவு கட்டிவிட்டார்.

"எனக்குக் காசு வேணாம்ணே. கரண்ட் கட்டண விசாரணை எங்க நடக்குது?"

அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அவர் மாடியைக் காட்டினார். கட்டண விசாரணைக்குப் புகைப்படத்தோடு வந்த முதல் ஆள் அவளாகத்தான் இருக்கும்.

கடைத்தெருவில் அவளுக்கு 'ஜெராக்ஸ் அக்கா' என்றுதான் பெயர். கட்டணத்தை உயர்த்தச் சொல்லி மின் நிறுவனம் மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்குக் கொடுத்த நானூறு பக்க மனுவை, நுகர்வோர் சங்கத்துக்காரர் ஒருவர் அவளிடம்தான் நகல் எடுக்கக் கொடுத்தார். பாதியில் இயந்திரம் ஒரு தாளை மென்று துப்பியது. இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.

கசங்கிய தாளை நீவிக்கொண்டே படித்தவள் ஒரு வரியில் விரலை வைத்து மறுபடியும் படித்தாள். லைன்மேனாக இருந்த அவள் கணவன் வேலையில் செத்ததற்காக நிறுவனத்துக்குப் போட்ட அபராதம், 'பணியாளர் நலன்' என்ற தலைப்பின் கீழ் சாதுவாக உட்கார்ந்திருந்தது. மக்களிடம் வசூலிக்க வேண்டிய செலவாம் அது.

அவன் போய் இரண்டு வருடம் ஆகிறது. விசைப்பெட்டியில் கரண்டை நிறுத்திவிட்டுத் தனியாகக் கம்பம் ஏறினான். அவன் மேலே இருப்பது தெரியாமல் யாரோ வந்து விசையைப் போட்டுவிட்டார்கள். கீழே ஓர் ஆள் நின்றிருந்தால் இன்றைக்கு அவன் உயிரோடு இருந்திருப்பான்.

அப்பாவின் வேலையைத்தான் இப்போது மகன் பார்க்கிறான். குடும்பம் நடக்க வேறு வழியில்லை. ஒரே ஆறுதல், அந்தச் சாவுக்குப் பிறகு நிறுவனமே ஒவ்வொரு லைன்மேனோடும் ஒரு தினக்கூலி ஆளை அனுப்பி, விசைப்பெட்டி அருகே காவலுக்கு நிறுத்தியிருந்தது.

மகன் காலையில் ஷூ மாட்டும்போதெல்லாம் அவள் கேட்பாள். "இன்னைக்குக் கூட யாரு?" அவன் 'நெட்டை அண்ணன்' என்றோ 'பீடி மாமா' என்றோ சொன்ன பிறகுதான் அவளுக்கு டீ தொண்டையில் இறங்கும்.

விசாரணைக் கூடத்தில் அவள் பதினேழாவது ஆள். ஆளுக்கு ஐந்து நிமிடம். முன்னால் பேசிய பதினாறு பேரும் தொண்டைத்தண்ணி வற்றக் கத்தினார்கள். ஆணையத் தலைவர் பதினாறு பேருக்கும் "பதிவு பண்ணியாச்சு, அடுத்தவங்க" என்றார். இங்கே ஒன்றும் நடக்கப்போவதில்லை என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது. வந்ததற்குப் பேசிவிட்டுப் போவோம் என்று எழுந்தாள்.

"செத்தது என் புருஷன். கடைக்கு மாசாமாசம் பில் கட்டுறதும் நான்தான். இந்த அபராதத்தை பில்லுல ஏத்தினா, அவரு செத்ததுக்கு நானே தண்டம் கட்டணும். இது எந்த ஊரு நியாயம்யா?"

தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மனுவைப் புரட்டினார். அன்றைக்கு அவர் மனுவைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

நிறுவனத்தின் கணக்கு அதிகாரி பதறி எழுந்தார். "ஐயா, இதைத் தள்ளினீங்கன்னா நாங்க வேற எங்கயாவது செலவை இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும்."

"அது உங்க பாடு" என்றார் தலைவர். "வேலை ஒழுங்கா நடக்க ஆகிற செலவைத்தான் ஜனங்க தலையில வைக்க முடியும். உங்க அஜாக்கிரதைக்கு ஆன செலவை வைக்க முடியாது. இந்த அபராதத்துக்கு அனுமதி இல்ல." சொல்லிவிட்டு அங்கேயே சிவப்பு மையால் அந்த வரியை அடித்தார்.

கை தட்டினார்கள். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இழுத்துப் பிடிக்கட்டும். அதிகாரி வந்து இறங்கிய காரை விற்கட்டும், அவருக்கு முன்னால் இருந்த முந்திரிப் பருப்புத் தட்டை நிறுத்தட்டும். அவளுக்கு என்ன வந்தது?

கடைக்குத் திரும்பியதும் புகைப்படத்தை ஜெராக்ஸ் இயந்திரத்தின்மேல் நிமிர்த்தி வைத்தாள். "உங்களுக்காக ஒரே ஒரு தடவை ஜெயிச்சிட்டேன்" என்று அவனிடம் சொன்னாள். சாயங்காலம் மகன் வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நீயாம்மா மைக்ல பேசினே?" என்று வாய்விட்டுச் சிரித்தான். அந்த வீட்டில் யாராவது அப்படிச் சிரித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

எதையும் ஆற அமரச் செய்கிற நிறுவனம், செலவை இழுத்துப் பிடிப்பதில் மட்டும் ஒரு வாரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை காலை மகன் ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். அவள் டீயை ஆற்றிக்கொண்டே வழக்கம்போலக் கேட்டாள்.

"இன்னைக்குக் கூட யாரு?"

அவன் கட்டிய கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டினான்.

"உன்னைத்தான்டா கேக்குறேன். கூட யாரு?"

அவன் எழுந்து ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டான். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"யாரும் இல்லம்மா. அந்த அபராதத்தை ஈடுகட்ட, கீழே நிக்கிற ஆளுங்களைத்தான் வேலையை விட்டு நிறுத்தியிருக்காங்க."